ஓடினது யாரு

என் தங்கை வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைக்குக் கடைசியாக வந்து முதலில் எழுந்துபோகிறவர். நாம் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடித்துவைப்பதும் அவர்தான், பாதி நேரம் தப்பாக. "டாக்டரைப் பார்த்தேன், என்ன சொன்னார்னா..." என்று நான் இழுப்பதற்குள், "சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்" என்பார். நான் போனது கண் டாக்டரிடம். இப்படிப்பட்டவர் தாளம் பிசகாமல் கிதார் வாசிக்கிறார் என்று ஊரே நம்பியது. நானும்தான் நம்பினேன். மின்சாமான் கடை வைத்திருக்கிறவனுக்கு சங்கீதம் எங்கே தெரியப்போகிறது.

ஊரில் அவருக்குப் பெயர் மாஸ்டர். சாயங்காலங்களில் வீட்டு மாடி அறையில் வகுப்பு எடுப்பார். கிதார் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் எஃப் கார்டு வந்ததும் காணாமல் போய்விடுவார்கள், ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தவேண்டும் என்பதால். மீதிப் பேரை, "காலைத் தட்டு, காலைத் தட்டு" என்று வறுத்தெடுப்பார். ஒரு பல் டாக்டர் பல வருஷமாக வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகிறார். சனிக்கிழமைகளில் பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில் வாசிப்பார். அங்கே பெட்டியோடு வருகிறவர்கள் அவரைப் பூந்தொட்டி அளவுக்குக்கூட மதிக்க மாட்டார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது.

ஏனென்றால் அவருடைய மரியாதை முழுக்க நூலகத்து மாடியில் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜனரஞ்சகப் பாட்டுகளின் வரலாறு பேசுவார். ரேடியோ வந்து பாட்டின் நீளத்தை எப்படிக் குறைத்தது, மைக் வந்தபிறகு பாடகர்கள் கத்துவதை எப்படி நிறுத்தினார்கள் என்று விலாவாரியாகச் சொல்வார். பாட்டை நடுவில் நிறுத்தி, பின்னால் ஓடுகிற பேஸ் கிதாரை வாயாலேயே வாசித்துக்காட்டுவார். முகம் மழித்துக்கொண்டே அதே பாட்டை ஆயிரம் தடவை கேட்டவர்கள் எல்லாம், அட, இது இருந்ததே தெரியாதே என்பார்கள். ஸ்பீக்கர் என்னுடையது. அவர் கை காட்டும்போது லேப்டாப்பில் பாட்டை ஓடவிடுவதும் நான்தான்.

அந்தப் பேச்சில் எல்லாரும் காத்திருந்து கேட்கிற இடம் ஒன்று உண்டு. இளவயதில் மாஸ்டர் நாலு பேரோடு ஒரு குழுவில் இருந்தார். அவர்கள் போட்ட முதல் ரெக்கார்டில் ஒரு பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. இன்றைக்கும் சலூனில் கேட்கலாம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, மாஸ்டரின் கிதார் மட்டும் தனியாகக் கொஞ்சம் ஒலிக்கும். பிறகு டிரம்ஸ் ஒரே அடியாக விழ, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த அடி விழுகிற இடத்தில் பாட்டு திடீரென்று வேகம் பிடிக்கிறது. மாஸ்டர் அங்கே கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன். "கேட்டீங்களா, நம்ம டிரம்மருக்கு பஸ் வந்துடுச்சு" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அதோடு விடமாட்டார். டிரம்மரே கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் கையை நீட்டிக் காட்டுவார், எல்லாரும் திரும்புவார்கள், அந்த நெட்டை மனிதர் பாதி எழுந்து கையை ஆட்டிவிட்டு, தானும் சிரித்துக்கொண்டே உட்காருவார். அவருக்கு அவசரம் என்று பெயர் வந்தது இப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், வேறெங்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவசரத்தைப் போல நிதானமான ஆளை நான் கண்டதில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பெயரைக் கேட்டதும் புதிதாகச் சேருகிறவர்கள் வேறு ஆள் இல்லையா என்று விசாரிப்பார்கள். அப்புறம் அவர் சீட் பெல்ட் மாட்டுகிற அழகைப் பார்த்தால் இன்றைக்கு வண்டி கிளம்புமா என்று சந்தேகம் வரும். அந்த ரெக்கார்டுக்குப் பிறகு குழுத் தலைவர் அடுத்ததற்கு வேறு டிரம்மரை வைத்துக்கொண்டார். அவசரமும் வாசிப்பதை விட்டுவிட்டார். யாரும் கூப்பிடவில்லை போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன வருஷம், அந்த ரெக்கார்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக் கூடத்தை மூடினார்கள். மூடும்போது, அங்கே இருந்த இன்ஜினியர் பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உங்கள் பேச்சுக்கு உதவும் என்று மாஸ்டரிடம் ஒரு பிரதி கொடுத்தார். ஒவ்வொரு மைக்கிலும் பதிந்தது அதில் தனித்தனியாக இருந்தது. அதையெல்லாம் கலந்து, வேண்டாததைக் குறைத்துத்தான் ரெக்கார்டு போடுவார்களாம். மாஸ்டர் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மத்தியானம், மாடி அறையில், டிரம்ஸ் மைக்கை மட்டும் முதலில் ஓடவிட்டேன்.

எல்லாரும் நிற்கிற இடம் வந்தது. டிரம்மர் நிற்கவில்லை. தனக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்வதற்காக இரண்டு குச்சியையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். டிக், டிக், டிக் என்று ஒரே சீராக. ரெக்கார்டில் அதைக் குறைத்துவிட்டதால் யாரும் கேட்டதில்லை. இப்போது கிதாரையும் சேர்த்துப் போடுங்கள் என்றார் மாஸ்டர். போட்டேன். முதலில் கிதார் குச்சியோடுதான் போனது. பிறகு கொஞ்சம் முந்தியது. அப்புறம் நன்றாகவே முந்தியது. குச்சி தன் கணக்கிலேயே நின்றது. கடைசியில் ஒரு கணம் தடுமாறி, தன் கணக்கைக் கைவிட்டு, கிதார் எங்கே போய்விட்டதோ அங்கே ஒரே தாவாகத் தாவி அடித்தது.

எனக்கே புரிந்தது. மாஸ்டர் மறுபடி போடச் சொன்னார். அதற்குப் பிறகும் போடச் சொன்னார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. டம்ளர் எடுக்க வந்த என் தங்கை வாசற்படியில் நின்று ஒரு தடவை கேட்டாள்.

"நீங்க சாப்பிடறதைப் பாத்த யாருமே அந்தக் கதையை நம்பியிருக்கக் கூடாது" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளரை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

நான் லேப்டாப்பை மூடும்போது அவர் ஒன்று சொன்னார். அன்றைக்குப் பதிவு முடிந்ததும் இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, நடுவில் ஓடினது யாரு என்று கேட்டாராம். தாளத்தை விட்டு முந்திப் போவதற்கு ஓடுவது என்றுதான் அவர்கள் பாஷையில் பெயர். மறுபடி எடுக்க நேரம் இல்லை, அடுத்த குழு வாசலில் நின்றது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாஸ்டர் டிரம்மர் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள்.

"பாக்க மட்டும்தான் செஞ்சேன் மச்சான். வாயால ஒண்ணும் சொல்லலை."

வாயால் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு, நூலகத்தில், மைக் வைத்து. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை, அவருக்கே உறைத்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் நிதானமாகச் சாப்பிட்டார். என் தங்கை பயந்துபோய் எனக்கு போன் செய்தாள். பல் டாக்டர் தாளத்தைக் கோட்டைவிட்டபோது மாஸ்டர் திட்டவில்லையாம். பரவாயில்லை, நானும் ஓடினவன்தான் என்றாராம். டாக்டர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பிப் போனார். மேசையில் இருந்த பெண், எந்த வகுப்பு சார் என்று கேட்டிருக்கிறாள். இவர் மென்று முழுங்கி, கார் என்றார். இவருக்கு ஸ்கூட்டர் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனவர் மாணவனாகச் சேர்ந்துகொண்டு திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

துணைக்கு வாருங்கள் என்று ஒரு காலையில் என்னையும் கூட்டிப்போனார். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். தெருமுனை சிக்னல் சிவப்பாக இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேகத்தைக் கூட்டினார். மனிதரின் சுபாவம் அப்படி. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் வண்டி அலுங்காமல் போய்க் கோட்டில் நின்றது. "பாத்தீங்களா மச்சான், எப்படி நிறுத்தினேன்" என்று அவர் திரும்பிப் பெருமையாகக் கேட்டார்.

கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. அவசரத்தின் கால் அதன்மேல் இருந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "நல்லா நிறுத்தினடா, கண்ணாடியைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், எனக்கு வாய் நிற்காது. அவர் முகம் செத்துவிட்டது. அன்றைக்குப் பதிவிலும் இதைத்தானே செய்திருக்கிறான் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பிலும், அந்தப் பாட்டு இருக்கே என்று ஆரம்பிப்பாராம். கியரை மாற்று என்று பதில் வருமாம். இவர் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்வாராம். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், சொல்லாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு கிடைத்ததில் அவருக்கு நிம்மதியும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த நிம்மதிதான் அவரை இன்னும் அரித்தது.

என் தங்கைதான் கடைசியில் முடிவாகச் சொன்னாள். அவ்வளவு பேர் முன்னால் கேலி பண்ணிவிட்டு, காரில் இருவர் மட்டும் இருக்கும்போது சொன்னால் போதுமா, பண்ணின இடத்திலேயே போய்ச் சொல்லுங்கள் என்றாள். அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலக மாடி நிரம்பியிருந்தது. அவசரம் வழக்கம்போல் கடைசி வரிசையில் இருந்தார். மாஸ்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கை காட்டினார். நான் முதலில் குச்சியை மட்டும் போட்டேன், அப்புறம் கிதாரைச் சேர்த்தேன்.

"ஓடினது நான்" என்றார் மாஸ்டர். "அவன் கணக்கு கடைசி வரைக்கும் சரியா இருக்கு. பாட்டு உடைஞ்சிடக் கூடாதுன்னு என் பின்னாடி வந்தான். இத்தனை வருஷமா நான் உங்களைச் சிரிக்க வச்சது பொய்."

முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கைதட்டல் கிளம்பியது. இல்லை, நிஜமாகவே நான்தான் என்று மாஸ்டர் கெஞ்சாத குறையாகச் சொல்ல, கைதட்டல் இன்னும் பலமானது. நூலகர் மேடையேறி மைக்கை வாங்கி, நண்பனுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும் என்று ஆரம்பித்தார். மாஸ்டர் அவர் பக்கத்தில், கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு மாலை போட்டது மாதிரி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நூலகர் கொஞ்ச நேரம் வாயை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி வரிசையில் அவசரம் எழுந்து கையை ஆட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. கூட்டம் கலைந்து படியிறங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அவரிடம் போனார். நான் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"அந்தக் குச்சிச் சத்தம்," என்றார் அவசரம், "அது என்னோடதா?"

"உன்னோடதுதான்டா."

அவர் நிதானமாக யோசித்தார். அவருக்கு எல்லாமே நிதானம்தான்.

"நான்தான் ஓடினேன்னு நினைச்சிட்டிருந்தேன். நீ அன்னைக்குத் திரும்பிப் பாத்தியே. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்னு."

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓடியது யார் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் பெரிய மனசோடு சிரித்துக்கொண்டு இருக்கிறான் என்றுதான் இத்தனை மாதமாக அவர் நினைத்து புழுங்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதர் சிரித்தது தன் தப்பு என்றே நம்பி.

"அப்புறம் நிறைய பேர் கூப்பிட்டாங்க" என்றார் அவசரம். "குச்சியைக் கையில எடுத்தாலே, ஓடிடுவேனோன்னு ஒரு பயம். அதான் விட்டுட்டேன்."

மாஸ்டர் அழுதார். மன்னிச்சிடுடா என்றும் சொன்னார். அவசரம் என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை போடுங்க சார் என்றார். ஒயரை மறுபடி சொருகினேன். காலி மாடியில் குச்சிச் சத்தம் கேட்டது. அவர் ஒரு விரலால் முன் நாற்காலியின் முதுகில் கூடவே தட்டினார். கிதார் முந்த ஆரம்பித்தது. குச்சி தாவியபோது அவர் விரல் தாவவில்லை, தன் கணக்கிலேயே தட்டிக்கொண்டு போனது.

"இந்த இடத்துல நான் இவன் பின்னாடி போயிருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் டிரைவிங் வகுப்புக்குப் போக மாஸ்டருக்குக் கால் வரவில்லை. என் தங்கை தள்ளாத குறையாக அனுப்பினாள், நானும் கூடப் போனேன். அன்றைக்கு அவசரம் தெருவுக்குப் போகாமல் பயிற்சித் திடலுக்கு வண்டியை விடச் சொன்னார். எல்லையில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் நிறுத்து என்றார். மாஸ்டர் தன் வழக்கப்படி வேகத்தைக் கூட்டினார். நான் அவசரத்தின் காலைப் பார்த்தேன். அவர் இரண்டு காலையும் பிரேக்கை விட்டுப் பின்னால் இழுத்து சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி டயர்களில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அவசரம் சீட் பெல்ட்டை மெதுவாகக் கழற்றி, இறங்கி, முன்பக்கம் நசுங்கியிருந்ததைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மாஸ்டர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"ஓடினது யாரு?"

மாஸ்டர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. "நான்தான்" என்றார்.

அவசரம் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் பக்கம் போய் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"பின்னாடி எடு. மறுபடி முதல்லேருந்து."