மேனேஜும் அட்ஜஸ்டும்

இங்கிலீஷே தெரியாதவர்கள்கூட எங்கள் திருநெல்வேலியில் நாள்தோறும் புழங்குகிற சொற்கள் இரண்டு. முக்கூடல் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவதாக வருகிறவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க அண்ணாச்சி" என்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டே நகர்ந்து கொடுப்போம். மேனேஜ் யாரையும் நகரச் சொல்லாது. "நான் மேனேஜ் பண்ணிக்கிடுதேன்" என்றால் நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம். எனக்குப் பிடித்தது அதுதான். பிறர் தயவு எனக்கு ஆகாது.

போன வருஷம் என் மனைவிக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. சாப்பாட்டில் உப்பை நன்றாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். துணைக்கு வரட்டுமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் மேனேஜ் பண்ணிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் வைத்த சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிடுவாள். ஆளே பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் உடம்பு தேறாது என்று டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். பயந்துபோனேன்.

விஷயம் தெரிந்து, பக்கத்து வீட்டு அம்மா மறுநாளே தூக்குச்சட்டியில் உப்புக் குறைத்த குழம்பு கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மனைவி கையை நீட்டி வாங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு தினமும் வந்தது. நான் மட்டும் வீம்புக்கு என் சாம்பாரையே தின்றேன். அவள் பையத் தேறி, தெருமுனை வரை நடக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மாவின் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணம் நிறைய உப்பு. ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துக் குழம்பில் போட்டுப் பிசைந்தார்கள்.

நான் பார்ப்பதைக் கவனித்து அந்த அம்மாவே சொன்னார்: "ரெண்டு சமையல் வச்சேன்னா கை தவறி அக்கா சட்டியிலயும் உப்பு விழுந்துரும். அதான் எல்லாருக்கும் ஒரே குழம்பு. இவங்கள்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதாவ."

இத்தனை நாளும் நான் மேனேஜ் பண்ணியது இவர்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில். என் வீட்டு விளக்கு அணையாமல் காத்தவர்கள் இவர்கள். கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்கணும்மா நீங்க," என்றேன். பிறகு தயங்காமல், "நாளையிலருந்து எனக்கும் சேத்து ஊத்துங்க" என்றேன். நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் சாப்பாடு அதுதான்.