ஒரு புள்ளியின் அகலம்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கன்ஃபோகல் நுண்ணோக்கி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரை, வயதில் மூத்தவர்கள்கூட, லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லென்ஸில் இடும் எண்ணெயைத் துடைக்கும் தாளை ஒரு இழுப்புக்கு மேல் பயன்படுத்தமாட்டார். "கஞ்சத்தனத்தை வேற எங்கயாவது காட்டுங்க" என்று பாதித் தாளை மிச்சம் பிடிப்பவர்களை அதட்டுவார்.

மாதந்தோறும் ஒவ்வொரு லென்ஸையும் அவர் சோதிப்பார். கண்ணாடித் துண்டில் ஒளிரும் நுண்மணிகளை ஒட்டிப் படம் எடுப்பார். மணி மிகச் சிறியது என்பதால், படத்தில் விழும் புள்ளியின் அகலம் பெரும்பாலும் லென்ஸால் வருவதுதான். வெளிச்சம் பாதியாகக் குறையும் இரு ஓரங்களுக்கு நடுவே அளந்தால், அந்த லென்ஸ் எவ்வளவு நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகக் காட்டும் என்பது தெரிந்துவிடும். அகலம் குறையக் குறைய லென்ஸ் நல்லது.

அவருடைய அண்ணியும் இங்கேதான் நரம்புச் செல்களை ஆராய்கிறார். செல்களில் இரண்டிரண்டாக நிற்கும் புள்ளிகளைக் கண்டிருந்தார். அவை உண்மையில் இரண்டுதானா என்பதில்தான் அவருடைய மூன்று வருட உழைப்பும் இருந்தது. கட்டுரையை அனுப்பும் முன் லென்ஸின் அளவு வேண்டும் என்று வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நூற்றறுபது நானோமீட்டர் வந்தது. அண்ணி கைதட்டினார்.

"இவ்வளவு நல்ல லென்ஸா! பேசாம எழுதிக் குடுத்துடு."

லென்ஸக்காவின் முகம் மலரவில்லை. "இது நல்லா இல்ல அண்ணி, ரொம்ப நல்லா இருக்கு. இந்த லென்ஸுக்கும் இந்த ஒளிக்கும் நூத்தெண்பதுக்குக் கீழ வரவே கூடாது."

"வந்திருக்கே! வந்த லட்சுமிய வெளிய தள்ளுவாங்களா?"

லென்ஸக்கா மணியே இல்லாத ஒரு மூலையைத் திரையில் பெரிதாக்கினார். முழுக் கறுப்பு. பிக்சல்களின் மதிப்பு எல்லாம் பூஜ்யம். அப்படி இருக்கக் கூடாது. வெற்றிடத்திலும் கருவியின் மங்கலான மினுக்கல் கொஞ்சம் தெரிய வேண்டும். அண்ணி தன் படங்களின் பின்னணி கன்னங்கரேலென்று அழகாக வரட்டும் என்று, முன்பு செல்களைப் படம் எடுத்தபோதே கருவியின் கறுப்பு அளவைக் கீழே இறக்கி வைத்திருந்தார். மங்கலான ஓரமெல்லாம் கறுப்பில் மூழ்கியதால், புள்ளி ஒல்லியாகிவிட்டது. எப்போதும் முதலில் வெற்று மூலையைப் பார்க்கும் லென்ஸக்கா, அண்ணி பக்கத்தில் அவசரப்படுத்தியதில் இன்று மறந்திருந்தார்.

"தப்பு என்னுதுதான், பாக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திருத்தி மறுபடி அளந்தார். இருநூற்றிருபது.

அண்ணியின் குரல் இறங்கியது. "அப்போ என்னோட ஜோடிங்க?"

"இருநூத்திருபதுக்கு உள்ள நிக்கறத ரெண்டுன்னு சொல்ல முடியாது."

"கடைசில நாத்தனார் வேலையக் காட்டிட்டியே!"

"வேற யாராவது கண்டுபிடிச்சிருந்தா உங்கள மானங்கெடுத்திருப்பாங்க. நான்னா திட்டு மட்டும்தான் வாங்குவேன்."

அண்ணி சிரிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. தன் படங்களைத் திறந்து, நெருங்கி நின்ற ஜோடிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். பாதிக்கு மேல் போய்விட்டன. மிஞ்சியவை விலகித் தெளிவாக நின்றன. அந்தச் செல்களைச் சரியான அமைப்பில் புதிதாகப் படம் எடுக்கவேண்டும் என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அண்ணி செல்கள் ஒட்டிய கண்ணாடித் தட்டை லென்ஸக்காவின் கையில் கொடுத்தார். "இந்தா. கறுப்ப நீயே வை. நான் தொடல."

லென்ஸக்கா புதுத் தாள் ஒன்றை உருவி, லென்ஸை ஒரே இழுப்பில் துடைத்தார்.