சகாதேவன் கட்டிய ஐந்து லட்சம்

கீழ்பென்னாத்தூர் தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் கவுண்டரில் உட்கார்ந்திருந்த சகாதேவன் சென்ற ஆவணியில் இறந்துபோனார். கறாரான மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மணியார்டர் பாரத்தில் அனுப்புகிறவர் பெயர் விட்டுப்போயிருந்தால் அப்படியே திருப்பித் தள்ளிவிடுவார். "பணம் உன்னுதுதான், யாரு இல்லன்னது? நாளைக்கி ஒண்ணுன்னா காயிதத்துல யாரு பேரு இருக்குதுன்னுதான் கேப்பான்" என்பார். அவரே தன் வாழ்நாளின் பெரிய தொகையைப் பெயர் போடாமல் கொடுத்தார்.

அவருக்கு ஒரே தங்கை, வள்ளி. அவள் கணவர் திருமலை 2019-இல் செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து விடுதி தொடங்கினார். எட்டு அறைகள், மொட்டை மாடியில் ஒரு சின்ன கபே. வங்கிக் கடன் இருபது லட்சம், கணவன் மனைவி இருவர் பெயரிலும். ஜாமீன் சகாதேவன், ஆனால் முழுக் கடனுக்கும் அல்ல. ஐந்து லட்சம் வரைதான் தன்னைக் கேட்கலாம் என்று பத்திரத்தில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியப் பணத்தில் ஐந்து போனால் தாங்கிக்கொள்ளலாம். மேலே போனால் ஏரிப்பக்கத்து ஒரு ஏக்கர் நிலக்கடலைக் கொல்லையை விற்கவேண்டி வரும். அது அவர் கணக்கு.

மறு வருடம் கொரோனா வந்தது. கிரிவலத்துக்கே தடை. அறைகளில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் கிடைத்த விமானத்தில் ஏறிப் போனார்கள். கட்டட வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடன் தவணைகள் நின்றன. வங்கியிலிருந்து சகாதேவனுக்கும் ஒரு கடிதம் வந்தது.

தன் பங்கைக் கட்டித் தீர்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். இரண்டு லட்சம், ஒன்றரை, மறுபடியும் ஒன்றரை என மூன்று தடவை. மூன்று தடவையும் அவர் வங்கிக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று துணிப்பையைத் திருமலையிடம் கொடுப்பார். திருமலை உள்ளே போய்த் தன் பெயரில் கட்டிவிட்டு வருவார்.

மனைவி ரேவதி முதல் நாளே கேட்டாள். "நீங்களே போயி உங்க பேர்ல கட்டனா என்னா?"

"மாப்ளய அத்தன பேரு எதிர்ல ஓரமா நிக்க வச்சிட்டு நான் கட்டறதா? வள்ளி போனுக்கு மெசேஜ் போவும், பாத்துடுவா. அவரு கட்டனதாவே இருக்கட்டும்."

"இதயே போஸ்ட் ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லியிருந்தா அவன என்ன கத்து கத்தியிருப்பீங்க?"

தங்கையைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையின் கை தாழக்கூடாது என்பது அவருக்கு எந்தப் பத்திரத்தையும்விடப் பெரிய சட்டமாக இருந்தது.

அப்படியும் விடுதி பிழைக்கவில்லை. 2023-இல் மூடினார்கள். திருமலையும் வள்ளியும் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சின்னதாக ஒரு டிபன் கடை போட்டார்கள். மிச்சக் கடனுக்காக வங்கி அனுப்பிய நோட்டீசில் சகாதேவன் பெயரும் இருந்தது. ஐந்து லட்சமும், அன்றைய தேதியிலிருந்து வட்டியும்.

ஏதோ தவறுதலாக வந்தது என்றுதான் நினைத்தார். பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் சதஃப் என்ற இளம் அதிகாரி இருந்தாள். கம்ப்யூட்டரைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"உங்க பேர்ல எதுவுமே வரலீங்களே சார்."

"திருமலை கட்டன மூணும் என் பணம்தாம்மா."

"இருக்கலாம் சார். ஆனா கட்டனது அவரு. கடன் வாங்கனவரு கட்டனா அவரு கடன் குறையும். அப்படியும் இன்னும் பன்னெண்டு லட்சம் பாக்கி நிக்குது. உங்க அஞ்சு அப்படியே இருக்குது."

அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்ணலாம் சார். இது ஜாமீன்தாரர் தன் பங்குக்குக் கட்டன பணம்னு அவங்க எழுதித் தரட்டும். நீங்க பணம் எடுத்த பாஸ்புக்கு கொண்டாங்க. தேதி ஒத்துப்போனா மேல அனுப்பறேன். கேரண்டியா சொல்ல மாட்டேன். ஆனா கடன் ரெண்டு பேர் மேல இருக்குது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

ரெண்டு பேரும். அதாவது வள்ளியும்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். இரண்டு நாள் அது சட்டைப்பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள், கொல்லையை விற்றுவிடலாமா என்று ரேவதியிடம் கேட்டார்.

"வித்துட்டு தங்கச்சிகிட்ட என்னான்னு சொல்லுவீங்க? அதுக்கும் ஒரு பொய் ரெடி பண்ணணுமே" என்றாள் ரேவதி.

அவர் அடி அண்ணாமலைக்குப் போனபோது கடையில் கூட்டம் இல்லை. வள்ளி தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தாள். திருமலை தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு, "வாங்க மச்சான்" என்றார்.

"இன்னாண்ணா, நோட்டீசுக்குப் பயந்து ஓடியாந்துட்டியா?" என்று சிரித்தாள் வள்ளி. "இவரு உன்ன ஒரு பைசா கட்ட விட்டாரா? அஞ்சு லட்சம், ஒத்த ஆளா ஓடி ஓடிக் கட்டனாரு. எங்க ஓரகத்திகிட்டகூட சொன்னேன், எங்கண்ணன் கையெழுத்து மட்டுந்தான் போட்டாருன்னு."

திருமலை குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சகாதேவன் தோசையைப் பாதியில் நிறுத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடிதத்தை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

அவள் இரண்டு முறை படித்தாள். கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார். புருஷன்மேல் பாய்வாள் என்று சகாதேவன் பயந்திருந்தார். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீதான் குடுத்தியா? குடுத்தவன் குடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதான? மூணு வருசமா நான் ஊரெல்லாம் பெரும பேசறேன், நீயும் எதிர்ல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்த. நான் இன்னா பைத்தியக்காரியா?"

"மாப்ளைக்கு கௌரவமா இருக்கட்டும்னு..."

"அவரு கௌரவத்தப் பாத்த. என்ன எங்கடா பாத்த?"

அண்ணனை அவள் 'டா' போட்டது அன்றுதான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திருமலையும் போட்டார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது கொல்லை தப்பிவிடும் என்ற நிம்மதி அவருக்கு வரவில்லை. தங்கை கேட்டதற்குப் பதில் தேடிக்கொண்டே வந்தார். இத்தனை வருடம் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததாக நினைத்திருந்தார். யாருடைய மானத்தை என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் இரண்டு தொகைகளை வங்கி ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, கையிருப்பு குறைந்துபோய் ரேவதியின் சங்கிலியை விற்ற பணம். நகைக்கடை ரசீது எங்கோ போய்விட்டது. அந்த ஒன்றரை லட்சத்தை பென்ஷன்மேல் கடன் வாங்கி, உள்ளே போய், தானே வரிசையில் நின்று கட்டினார். கொல்லை நின்றது. ஜாமீன் முடிந்தது என்று கடிதமும் வந்தது.

வள்ளி நான்கு மாதம் பேசவில்லை. தை மாதப் பௌர்ணமி வியாபாரம் முடிந்த மறுநாள் காலை அவளே கீழ்பென்னாத்தூருக்கு வந்தாள். திருமலையும் கூட வந்தார். அவள் ஒரு கவரை நீட்டினாள்.

"இருவதாயிரம். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வரும்."

வேணாம்மா என்ற வார்த்தை அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. திருமலையைப் பார்த்தார். இந்த முறை அவர் எங்கேயும் பார்வையைத் திருப்பாமல் நின்றார். சகாதேவன் கவரை வாங்கி, இருவர் எதிரிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினார்.

"ஐநூறு கம்மியா இருக்குதே வள்ளி."

"ரெண்டு பேருக்கு பஸ் சார்ஜு, வர்ற வழியில டீ. மிச்சத்துக்கு வீட்டுக்குப் பழம் வாங்கனேன்" என்றாள் அவள். "அடுத்த தடவ சேத்து தர்றேண்ணா."