பெரிய மாமாவின் படத்துக்குப் போட்ட மாலை

கொழும்புக்குப் போகும் ரோட்டில், யட்டியாந்தோட்டை பஜாரில் எங்கள் பலசரக்குக் கடையின் கல்லாவுக்கு மேலே ஒரு படம் தொங்கியது. என் மாமனாரின் அண்ணன், பெரிய மாமாவின் படம். தொப்பியும் பட்டாளத்துச் சட்டையுமாக முறைத்துக்கொண்டிருப்பார். மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர், வெள்ளைக்காரனை இந்தியாவை விட்டு விரட்டவென்று தானாகவே தொண்டர் படையில் சேர்ந்து பர்மாப் பக்கம் செத்துப்போனார். உடலும் வரவில்லை, செத்த நாளும் தெரியாது. சமாதி, கல் எதுவும் கிடையாது. அந்தப் படம் ஒன்றுதான். செய்தி வந்த கார்த்திகை அமாவாசையன்று, வருஷா வருஷம், மாமா, அதாவது என் மாமனார், விளக்கேற்றிப் படைப்பார்.

தொண்ணூறுகளில் கார்த்திகை வந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். வடக்கில் செத்த போராளிகளுக்கு விளக்கேற்றுகிற காலமும் அதுதான். கொழும்பில் குண்டு வெடித்தால் எங்கள் பஜாரில் சோதனை நடக்கும்.

"படத்த உள்ள வச்சிருவோம் மாமா" என்று கெஞ்சினேன்.

"எங்கண்ணன் என்ன திருடனாம்மா, ஒளிச்சு வைக்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் மகா புத்திசாலி. சட்டை தெரியாதபடி தடிமனாக ஒரு செவ்வந்தி மாலை வாங்கிப் போட்டார். அதுவே வினையாகிப் போனது.

அமாவாசையன்று சோதனைக்கு வந்த பொலிஸ் அதிகாரியின் கண் நேரே அந்தப் புது மாலைக்குத்தான் போனது. "மே கவுத?" என்றார். யார் இது, எப்போது செத்தான் என்று சிங்களத்திலேயே அடுக்கினார். கம்பால் மாலையை விலக்கினார். பட்டாளத்துச் சட்டை. ஜீப்பில் ஏறச் சொல்லி வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார் அதிகாரி. போன மாதம் அப்படி ஏறிய பக்கத்துத் தையல்கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை.

உண்மையைச் சொல்லலாம்தான். விடுதலைக்குப் போராடினவர் என்று அந்த மாதத்தில் ஒரு தமிழன் எந்த வாயால் சொல்வது?

மாமா முன்னால் வந்தார். நல்ல சிங்களத்தில், ஐயா என்பதற்கு மாத்தயா போட்டு, தடுமாறாமல் சொன்னார்: எங்களுக்குச் சொந்தமில்லை மாத்தயா, கடையை வாங்கும்போதே இருந்த படம், யாரென்று தெரியாது, பழைய முதலாளி மாலை போடச் சொன்னார், போடுகிறோம்.

அதிகாரி பழுப்பேறிய அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிடியை விட்டார். தெரியாதவனுக்கு என்ன மாலை, கழற்று என்றார். மாமாவே ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றி, படத்தையும் இறக்கினார்.

ஜீப் போனதும் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு உள்ளே போய் இலை போட்டு, சோறும் வடையும் வைத்துவிட்டு வந்தேன்.

"வாங்க மாமா, படைக்கலாம்."

மாமா படத்தை மடியில் குப்புற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேனே தாயி. இனி யாருக்குப் படைக்கிறது?" என்றார்.