பன்னில் பதிந்த பற்கள்

ஞாயிறு காலை ஏழு ஐம்பதுக்கு என் மகள் தேங்காய் பன்னைக் கடித்தாள். கடித்து இழுத்தபோது அவளுடைய முன்பற்கள் ஒரே பட்டையாகக் கழன்று பன்னின் ஓரத்தில் பதிந்து நின்றன. ரத்தம் இல்லை. பற்கள் அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு ஒழுங்காக இருந்ததால், பேக்கரிக்காரன்தான் எதையோ மாவில் போட்டுவிட்டான் என்று ஒரு கணம் அவன்மேல் கோபம் வந்தது. பிறகு அவள் வாயைப் பார்த்தேன். ஆடு கட்டச் சீவி அடித்த முளைக்குச்சிகள்போல, மஞ்சளாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், குட்டை குட்டையாக ஏதோ நின்றன. என் மகளின் பற்களில் மிச்சம் அவ்வளவுதான். “பாக்காதீங்க டாடி” என்று உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். காற்று பட்டதும் வலியில் அவள் தோள்கள் குலுங்கின.

அந்தக் கை எனக்குப் பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சிரிப்பு வந்தால் அவளுக்குக் கையும் கூடவே மேலே வரும். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடியபின் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாய்களில் அருகிப்போக, தெருவில் எல்லோரையும்போல நாங்களும் போர்வெல் தண்ணீரைத்தான் குடித்தோம். கல்லைப் பிளந்து வந்த தண்ணீர், கண்ணாடிபோல இருக்கும். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாற்பல் விழுந்து முளைத்த பற்களில் பழுப்புக் கோடுகள் ஓடின. எங்கள் தெருவில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. மகள் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போனபிறகுதான் குறையாயிற்று. ஆபீசில் ஒருத்தி, “உங்க ஊர்ல தங்கம் தீர்ந்துபோச்சுன்னாங்க, வாயில பதுக்கி வெச்சிருக்கியா?” என்றாளாம். மகள் அதை வீட்டில் ஜோக்காகத்தான் சொன்னாள், கையால் வாயை மூடிக்கொண்டு.

அவளைப் பெண் பார்க்க வந்த பையன் பெங்களூரில் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். என் மனைவி காபியை நீட்டி, வேலையைப் பற்றிக் கேட்டாள். “எங்க தாத்தா சுரங்கத்து கேஜ்ல ஆளுங்கள கீழ எறக்கினாரு ஆன்ட்டி. நான் மேல ஏத்தறேன். குடும்பத்துல கணக்கு நேராகணும் இல்ல?” என்றான். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். கை மடியிலேயே கிடந்தது. அதைக் கவனித்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் அறிவித்து ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த மறுநாளே மகள் ஒரு பல் டாக்டரிடம் போனாள். ஆல்பத்தில் அந்தக் கோடுகள் விழக்கூடாது என்பது அவள் ஆசை. நானும் துணைக்குப் போனேன். டாக்டர் விதவிதமான வெள்ளைப் பற்கள் கோத்த அட்டையை அவள் உதட்டருகே பிடித்துக் காட்டினார். “லேசா சொரண்டிட்டு மேல ஓடு ஒட்டிடுவேன். நகத்துக்கு பாலிஷ் போடற மாதிரிதாம்மா” என்றார். நகம் வளரும், பல் வளராது என்பதை அவர் சொல்லவில்லை. கறை ஆழமாக இருக்கிறது, ஓடு போதாது, முழுக் கேப்தான் போட வேண்டும் என்பதையும் அவளை வாய் திறந்து படுக்கவைத்து, மிஷினால் சீவி முடித்தபிறகுதான் சொன்னார். நிரந்தரக் கேப் வரும்வரைக்கும் என்று பிளாஸ்டிக்கில் ஒரு பட்டையை ஒட்டி அனுப்பினார். அந்தப் பட்டைதான் பன்னோடு வந்தது.

பன்னைக் கடித்த அந்த ஞாயிறுதான் மூன்றாவது ஓலை. டாக்டரின் போன் அணைந்திருந்தது. மனைவி மகளோடு இருக்க, வீட்டிலிருந்து யாராவது போகாவிட்டால் ஊர் என்னவோ ஏதோ என்று பேசும் என்று நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பாதிரி ஐயர் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். வழக்கமாக அந்த இடத்தில் பெஞ்சில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒன்று வீட்டு மேஜையில், ஒரு சாசரில், கவிழ்த்த டம்ளருக்கு அடியில் இருந்தது. பையன் வீட்டுக்கு மறைத்துக் கல்யாணத்தை முடித்துவிட முடியுமா என்று ஜெபம் முடியும்வரை யோசித்தேன். வெளியே வந்ததும் அவனுக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

கல்யாணம் நடந்தது. ஆல்பம் என்னிடம் இருக்கிறது. அதற்குள் வேறொரு டாக்டரிடம் போய், இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து, புதுக் கேப் போட்டோம். அட்டையிலேயே அதிக வெள்ளை அது. ஆனால் ஒரு படத்திலும் அவள் உதடு பிரியவில்லை. போட்டோகிராபர், “சிரிங்கம்மா, சிரிங்க” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொய்யாவைக் கத்தியால் சீவித்தான் தின்கிறாள். அந்த முதல் கிளினிக் வாசலில் பளீரென்று சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் பஸ் போகும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்கிறேன். ஊர்த் தண்ணீர் பல்லில் கோடு மட்டும்தான் போட்டது.

நான் போன் செய்த அந்த ஞாயிறு மாலை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தப் பையன் தனியாக வந்தான். மகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவன் மேஜையருகே போய் டம்ளரைத் தூக்கினான். காய்ந்துபோன பன் துண்டு, அதில் வரிசை கலையாத வெள்ளைப் பற்கள். குனிந்து அதைப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

“இது யார் பல்லு மாமா? அன்னிக்கு சிரிச்சாளே, அந்தப் பல்ல இன்னா பண்ணீங்க?”