காலி நிலத்தில் நட்டவர்கள்

அந்தப் புகைப்படத்தில் ஆளே கிடையாது. கறுப்பு வெள்ளையில் வானம், வரப்பு, தூரத்தில் ஒற்றைப் பனை. கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'தொழிற்சாலை வருவதற்கு முன்: காலி நிலம்' என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்த புண்ணியவதி நான்தான். எண்பதுகளின் கடைசியில், திருமுல்லைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அங்கே வாசலுக்கு மேலே 'நம் நாடு' என்று எழுதி ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்திருந்தார்கள். முதல் இயந்திரம், கொடியேற்றிய படம், தலைவர்கள் வந்துபோன படம் எல்லாம் வரிசையாக இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்காது.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். என் அப்பாவின் அக்காவான அத்தையைக் கூட்டிப் போனேன். எங்கே போனாலும் அவள் குரல் நாலடி முன்னால் போகும். லேத்துக்கும் மோட்டாருக்கும் வைத்திருந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள், அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டாள். பனையை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். படித்தேன்.

"காலியா? இன்னாடி சொல்ற? நானு நாத்து நட்ட கயனிடி இது!" என்றவள், பூஜைத் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துப் படத்தின் கண்ணாடியில் அழுத்தி வைத்தாள். "மிஷினுக்கு வெப்பீங்கோ, இதுக்கு வெக்க மாட்டீங்களா? இதுவும் வேல செஞ்சதுதான்."

ஐயோ, என் வேலை போயிற்று! சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அத்தை அசரவில்லை.

"சார், மேல நம்ம நாடுன்னு எய்திட்டு, கீய யாருமே இல்லன்னா இன்னா நாயம்?"

அவர் குனிந்து சீட்டைப் படித்தார். பிறகு என்னிடம், "யார் யார் நட்டாங்கன்னு கேட்டு, வேற சீட்டு அடிச்சிட்டு வாம்மா" என்றார்.

அத்தை விரல் மடக்கிப் பதினோரு பெண்களின் பேரைச் சொன்னாள், தன் பேரைக் கடைசியில். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவள் நட்டுச் சம்பாதித்த சோற்றைத் தின்று வளர்ந்த நான், ஆபீசில் எழுதிக் கொடுத்ததை யோசிக்காமல் அடித்திருந்தேனே! இன்றும் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், யாரை விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, அந்தப் பதினோரு பேரில் உயிரோடு இருந்தவர்களையெல்லாம் அத்தை திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேனேஜரே வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். யாருக்கும் படிக்கத் தெரியாது, படத்தின் கீழே ஒட்டிய புதுச் சீட்டை நான்தான் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கேலி, ஒரு சிரிப்பு. முடித்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேர மட்டும் இன்னொரு தபா படி கண்ணு."