கொலைகாரன் எங்கள் வீட்டுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளில் அமெரிக்காவின் எடிசனில் தமிழ்ப் படம் என்றால், ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் துவரம்பருப்போடு வாடகைக்கு எடுத்து வரும் வீடியோ கேசட்தான். பிரதிக்குப் பிரதி எடுத்து எடுத்து, கதாநாயகிக்கே மீசை முளைத்த மாதிரி இருக்கும்.

பனி கொட்டிய ஒரு பிற்பகல், மகளை உள்ளறையில் தூங்கவைத்துவிட்டு நானும் மனைவியும் ஒரு கொலைப் படம் பார்த்தோம். ஏகப்பட்ட பேர் செத்தாயிற்று. கொன்றவன் யாரென்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கை மெதுவாகக் கதவைத் தள்ளியது. திரையில் கோடுகள் ஓடின. காட்சி மாறியது.

இசை நின்றுவிட்டது. யாரோ மூச்சுவிடும் சத்தம் மட்டும். கேமரா ஒரு வீட்டுக்குள் நடந்தது.

"கொலைகாரன் கண்ணு வழியா காட்டறான். டைரக்டர் பெரிய ஆளு" என்று விளக்கினேன்.

"அது இருக்கட்டும். நம்ம வீடு மாதிரி இல்ல?"

எங்கள் பழுப்புக் கார்ப்பெட். எங்கள் ஜன்னல் பிளைண்ட்ஸ். எங்கள் அடுப்பு. உள்ளறைக் கதவு திறந்தது. அரையிருட்டில், போர்வைக்குள் ஒரு சின்ன உருவம்.

"மெதுவா, முழிச்சுக்கப் போறா" என்று கிசுகிசுத்தது ஒரு பெண்குரல். கேமரா அந்த உருவத்தின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. டேப் தீர்ந்தது.

நாங்கள் இல்லாதபோது எவரோ வந்து போயிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது என் பிள்ளை. படத்தின் முடிவு எனக்கு இப்படித்தான் விளங்கியது. சமையலறைக்கு ஓடி, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டேன்.

"போய்ப் பாப்பாவப் பாருங்க" என்றாள் மனைவி.

"நீ போ. நான் வாசல்ல நிக்கறேன்."

"தோசைக் கரண்டிய வச்சிக்கிட்டா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "தூங்கறா." பிறகு டேப்பைப் பின்னால் ஓட்டினாள். "இந்த அபார்ட்மெண்ட்ல எல்லா வீடும் ஒரே மாதிரிதான். ஆனா நமக்கு ஸிங்க் வலது பக்கம். இதுல இடது பக்கம். குரலும் எதிர்வீட்டு அம்மா குரல்தான்."

எதிர்வீட்டுக்கு போன் போட்டாள். பிறந்த குழந்தையையும் வீட்டையும் ஊரிலுள்ள பெற்றவர்களுக்குக் காட்ட வீடியோ எடுத்தார்களாம். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அவசரத்தில் புதுக் கேசட் என்று நினைத்து, எங்களுக்கு முன்னால் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த இந்தக் கடைக் கேசட்டைக் கேமராவில் போட்டுவிட்டார்கள். புதுசை ஊருக்கு அனுப்பியாயிற்று. கோயம்புத்தூரில் அந்தப் பெரியவர்கள் பேத்தி எப்போது வருவாள் என்று வெறும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"கொலைகாரன் யாருன்னு கேளு" என்றேன்.

"அவங்க படத்தப் பாக்கவே இல்லியாம்."

எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மூச்சுச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. உள்ளறைக்குப் போனேன். போர்வை ஏறி இறங்குகிறதா என்று மகளின் மேல் குனிந்து, அசையாமல் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அப்பா, யூ ஆர் ஸ்கேரி" என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.